மலையை மறைத்த கொடிக்கயிறு: வாசகர் கேள்வி - பதில்

எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் 8 பேர் சேர்ந்து நாவல் வாசிக்க ஆரம்பித்தோம். மூன்றாம் வாரமே நின்றுவிட்டது. பெண்கள் எழுதிய கதைகளால் பெண் விடுதலைக்கு என்னதான் நடந்தது? எதில் தொடங்கலாம்?
*- வாசகி, குடியாத்தம்*

ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து ‘வீட்டில் படித்து வாருங்கள்’ என்றிருப்பீர்கள். அடுப்பு, பிள்ளை, பீடித் தட்டு இவற்றுக்கு நடுவே அது திறக்காது. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் வேலை செய்தபடி கேட்கட்டும். இலை வெட்டும்போது வேண்டாம், கவனமெல்லாம் கத்தரியில் இருக்கும். சுற்றும் நேரம்தான் தோது. ஒரு தடவைக்கு 10 பக்கம், 25 நிமிடம் போதும். கட்டு குறைந்தால் மறுநாள் யாரும் வரமாட்டார்கள்.

முதலில் நாவல் வேண்டாம். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ சிறுகதையை எடுங்கள். சமையலறையிலிருந்து மலை தெரிகிறது. வெளித் தாழ்வாரத்தை அகலப்படுத்தலாமே என்கிறாள் மருமகள். பதிலாக அங்கே கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள், மலை மறைந்துபோகிறது. (குடியாத்தத்தில் மலையை விளக்க வேண்டியதில்லை.) அங்கே நிறுத்தி, ‘கொடி ஏன் கட்டினார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘உங்கள் வீட்டில் எப்படி?’ என்று கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள், மாமியார் காதுக்குப் போய்விடுமே! கதையில் வருபவளைப் பற்றியென்றால் யாரும் பேசலாம். பெண்கள் எழுதிய கதைகள் செய்த பெரிய வேலை இதுதான் என்பேன்.

பிறகு மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ (1936). பிரசங்கம் நீளும், வாசிப்பவர் முந்தின நாளே பென்சிலால் குறித்துச் சுருக்கிக்கொள்ளட்டும். பெண்களைத் தாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்துக்கான தடைச் சட்டம் 1947-இல் வந்தது. நாவலால்தான் வந்தது என்றால், சட்டசபையில் அதற்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் உழைப்பு என்னாவது? ஆனால் அந்தக் கண்ணிக்குள் வளர்ந்து வெளியேறிய ஒருத்தியே அதைக் கதையாகச் சொன்னாள்.

வேலூருக்கும் பெண்கள் எழுதிய கதைகளுக்கும் சம்பந்தம் உண்டா?
*- வாசகர், காட்பாடி*

சிறை வழியாக உண்டு. சுதந்திரப் போராட்ட மறியலில் கைதான நாவலாசிரியை வை.மு. கோதைநாயகி அம்மாள் வேலூர்ச் சிறையில் இருந்தவர். பால்ய மணம், பள்ளிப் படிப்பு இல்லை. முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழிதான் எழுதினார். அப்படிப்பட்டவர் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். கோட்டைக்கு வருகிறவர்களிடம் 1806 சிப்பாய்ப் புரட்சிக் கதையைச் சொல்கிறோம், இதைச் சொல்வதில்லை.

‘கதை படித்தால் சொத்து வந்துவிடுமா?’ என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.
*- வாசகி, ஆம்பூர்*

வராது. இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது 1989-இன் தமிழகத் திருத்தம். அப்போதே மணமானவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையை 2005-இன் மத்தியத் திருத்தம் நீக்கியது. படிக்கிற பழக்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில் உதவும். அண்ணன் தம்பி நீட்டுவது ‘விடுதலைப் பத்திரம்’ என்றால், விடுபடுவது உங்கள் பங்கு. சர்வே எண், பரப்பு, தொகை மூன்றையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.