பத்திர மதிப்பைக் குறைத்தால் யாருக்கு லாபம்?

கேள்வி: கைக்கு வரும் சம்பளம் 92,000 ரூபாய். வாடகை 16,000, கார் லோன் இ.எம்.ஐ. 11,000, இன்னும் 2 வருடம் பாக்கி. எஃப்.டி.யில் 14 லட்சம் இருக்கிறது. தாம்பரம் பக்கம் ஒரு பழைய ஃபிளாட் 60 லட்சத்துக்கு வருகிறது. 45 லட்சத்துக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்கிறார் ஓனர். இப்போதே வாங்கலாமா?
- ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: இப்போது வேண்டாம். அந்த ரொக்கப் பேரத்துக்கு எப்போதுமே வேண்டாம்.

பத்திரச் செலவு மிச்சமாகும் என்பார்கள். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 15 லட்சத்தைக் குறைத்துக் காட்டினால் 1.35 லட்சம் மிச்சம்தான். ஆனால் 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கி பார்ப்பது பத்திரத்தில் எழுதும் விலையைத்தான். 60 லட்சம் என்று எழுதினால் 48 லட்சம் கடன். 45 என்று எழுதினால் 36 தான். பத்திரச் செலவையும் சேர்த்தால், முதல் வழியில் உங்கள் கைப்பணம் 17.4 லட்சம், இரண்டாவதில் 28 லட்சம். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 45 லட்சம் என்றே கணக்காகும். விலையைக் குறைத்துக் காட்டி ஓனர் தப்பிய வரி உங்கள் தலையில் விழும். அவருக்கும் ஆபத்துதான்: சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

சரி, நேர்வழியிலேயே வாங்குவதாக வைத்துக்கொள்வோம். எல்லா இ.எம்.ஐ.யும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல் வங்கிகள் பொதுவாகப் பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு 46,000, காருக்குப் போக 35,000. 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் அதற்குக் கிடைப்பது 40 லட்சம்தான். ஆகவே முதலில் எஃப்.டி.யிலிருந்து எடுத்துக் கார் லோனை முடியுங்கள். அசல் 2.4 லட்சம் அளவில்தான் இருக்கும். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தடையில்லாச் சான்று வாங்கி, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் கடன் முடிந்ததாக ஏறிவிட்டதா பாருங்கள்.

பிறகு மாதம் 26,000 ரூபாயை ஆர்.டி.யில் போடுங்கள். வாடகையோடு சேர்த்தால் 42,000. 48 லட்சம் கடனுக்கான இ.எம்.ஐ. ஏறத்தாழ இவ்வளவுதான். நாலாவது மாதமே ஆர்.டி. தடுமாறினால் அந்தக் கடன் உங்களுக்குத் தாங்காது. தடுமாறாவிட்டால் ஒன்றரை வருடத்தில், மீதி எஃப்.டி.யும் வட்டியும் சேர்த்து, கையில் 17.5 லட்சம் சேர்ந்திருக்கும். அது 50 லட்சம் ஃபிளாட்டுக்கான பணம்: கைப்பங்கு 10, பத்திரச் செலவு 4.5, வங்கியின் லீகல் கட்டணம், தரகு, எம்.ஓ.டி. பதிவு (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு) எல்லாம் ஒரு ஒன்றே கால். மிஞ்சுவதை அவசரத்துக்கு வையுங்கள், இன்டீரியர்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். 60 லட்சம் வீடே வேண்டுமென்றால் இன்னும் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், அப்போதும் கை காலியாகிவிடும்.

எந்த வீடானாலும் 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமைப் பத்திரம்), யு.டி.எஸ். (நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு) அளவு, திட்ட அனுமதி வரைபடம் நான்கையும் வக்கீல் பார்த்த பிறகே அட்வான்ஸ். பழைய ஃபிளாட்டில் அதிகம் சிக்குவது கடைசி விஷயம்: அனுமதியில் இல்லாத மாடியில் வீடு இருந்தால் வங்கி கைவிரித்துவிடும். ஆவணக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் ஓனரிடம் பேச்சை நீட்டாதீர்கள்.