அம்ஹர்ஸ்ட் சீட்டு எதுக்கு, அம்ஹர்ஸ்ட் கிளாஸ் போதாதா?

கோயமுத்தூர்ல இருந்து ஒரு அப்பா அம்மா போன வாரம் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பேசினாங்க. பொண்ணு மாசசூசெட்ஸ்ல மவுண்ட் ஹோல்யோக் காலேஜ்ல ரெண்டாவது வருஷம், மெரிட் ஸ்காலர்ஷிப்போட போனவ, மீதிக்கு பேங்க் லோன். எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சாம், நியூஜெர்சி சித்தப்பா தீபாவளிக்கு கால் பண்ற வரைக்கும். அவரு ஆபீஸ்ல யாரோட பையனோ வில்லியம்ஸ்ல படிக்கறானாம், "இவ படிக்கற காலேஜ் பேர சொன்னா இங்க ஒருத்தனுக்கும் தெரியல, அதுவும் லேடீஸ் காலேஜ், உடனே அம்ஹர்ஸ்டுக்கோ வில்லியம்ஸுக்கோ ட்ரான்ஸ்ஃபர் போடச் சொல்லுங்க அண்ணா"ன்னுட்டாரு. ரெண்டுமே அதே மாசசூசெட்ஸ்ல இருக்கற பேர் பெத்த காலேஜ். அன்னில இருந்து அந்த அம்மாவுக்குத் தூக்கம் இல்ல.

நானும் மொதல்ல பதட்டப்படாதீங்கம்மா, அவ நல்ல எடத்துலதான் இருக்கான்னு ஆறுதலாத்தான் ஆரம்பிச்சேன். "அப்ளிகேஷன்ல என்ன எழுதணும்னு மட்டும் சொல்லுங்க சார், லோன கொஞ்சம் ஏத்திக்கலாம், வீட்டுப் பத்திரம் இருக்கு"ன்னு அப்பா சொன்னதும் ஆறுதல ஒதுக்கி வச்சுட்டேன். அப்ளிகேஷன் எப்படி எழுதறதுங்கறத இங்கயும் நான் எழுதப் போறதில்ல, அது எங்க தேடினாலும் கிடைக்கும்.

இந்தப் பேர் விஷயத்த மொதல்ல முடிச்சிடுவோம். அம்மா, உங்க பொண்ணு பொறந்தப்போ ஆஸ்பத்திரில குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துப் பாருங்க, அப்கார் ஸ்கோர்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. பொறந்த கொழந்த எப்படி இருக்குன்னு ஒரு நிமிஷத்துல மார்க் போடற அந்த முறையக் கொண்டு வந்த டாக்டர் வர்ஜீனியா அப்கார் 1929ல மவுண்ட் ஹோல்யோக்ல பட்டம் வாங்கினவங்க. அமெரிக்கால மந்திரிசபைல உக்காந்த மொதல் பெண் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸும் அதே காலேஜ்தான், 1902 பேட்ச். காலேஜ் ஆரம்பிச்சது 1837ல. லேடீஸ் காலேஜுன்னு முகம் சுளிக்கற சித்தப்பாவுக்கு இன்னொண்ணு, அவரு கனவு காண்ற அம்ஹர்ஸ்ட் 1970கள் வரைக்கும் ஆம்பளப் பசங்க மட்டும் படிச்ச காலேஜ். அதுக்கு யாரும் முகம் சுளிச்ச மாதிரி தெரியல.

இப்ப காசு. இதுல நான் வளைஞ்சு குடுக்க மாட்டேன். மவுண்ட் ஹோல்யோக் மார்க்குக்கும் திறமைக்கும் ஸ்காலர்ஷிப் குடுக்கற காலேஜ். அம்ஹர்ஸ்டும் வில்லியம்ஸும் மெரிட்டுக்குன்னு ஒரு டாலர் குடுக்கறதில்ல, குடும்பத்தால எவ்வளவு கட்ட முடியும்னு பாத்துதான் உதவி. அந்த உதவி தாராளமானதுதான், இல்லன்னு சொல்லல, ஆனா சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்னு ஒரு ஃபாரம் இருக்கு, அதுல உங்க சம்பளம் மட்டும் இல்ல, பட்டறை, நிலம், மாமனார் எழுதிக் குடுத்த சைட்டு வரைக்கும் கேப்பாங்க, உங்கள மாதிரி பம்ப் கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் போடற சொந்தப் பட்டறைக்காரர், கையில ரொக்கம் கம்மியா இருந்தாலும், பேப்பர்ல பணக்காரராத்தான் தெரிவாரு. இந்த மாதிரி காலேஜ்ல எல்லாச் செலவும் சேத்து வருஷத்துக்கு எண்பதாயிரம் டாலருக்கு மேல போயிடுது. கையில இருக்கற ஸ்காலர்ஷிப்ப விட்டுட்டுப் போனா அத யாரும் எடுத்து வச்சிருந்து திருப்பிக் குடுக்க மாட்டாங்க. ட்ரான்ஸ்ஃபர்ல வர்ற வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு உதவித்தொகையே இல்லன்னு சொல்ற காலேஜும் உண்டு. ஒரு சித்தப்பாவோட ஆபீஸ் பெருமைக்காக வீட்டுப் பத்திரம் பேங்க் லாக்கருக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கிடைக்குமாங்கறது வேற கேள்வி. இந்தக் காலேஜ்கள்ல சேந்த பிள்ளைங்க பாதில போறது ரொம்பக் கம்மி, அதனால காலி எடமும் சொற்பம். இருக்கற அந்தக் கொஞ்ச எடத்துக்கும் அம்ஹர்ஸ்ட் தேடறது கம்யூனிட்டி காலேஜ்ல இருந்து வர்ற பிள்ளைங்கள, ராணுவத்துல இருந்துட்டு வர்றவங்கள, இத அவங்க வெளிப்படையாவே சொல்றாங்க. ஏற்கனவே நல்ல காலேஜ்ல வசதியா உக்காந்திருக்கற பொண்ணு அந்த வரிசைல கடைசில. அதையும் தாண்டிக் கிடைச்சாலும் போறது மூணாவது வருஷத்துக்கு. அம்ஹர்ஸ்ட்ல பட்டத்துக்கு 32 கோர்ஸ், அதுல பாதி அங்கயே படிச்சிருக்கணும், ரெண்டு வருஷம் முழுசா அதுக்கே சரியாப் போயிடும், இங்க எடுத்த கோர்ஸ்ல ஏதாவது ஒண்ண அவங்க ஏத்துக்கலன்னா ஒரு செமஸ்டர் நீளும், அதுக்கும் காசு. மேல்படிப்புக்கு லெட்டர் எழுதித் தர வேண்டிய ப்ரொஃபசருக்கு இவ முகமே அப்பத்தான் பழகியிருக்கும்.

இவ்வளவும் சொல்லிட்டு, பொண்ண தனியா லைன்ல விடுங்கன்னேன். எக்கனாமிக்ஸ் எப்படிப் போகுதுன்னு கேட்டா "பரவால்ல சார்"னு ஒரு வார்த்த. வேற என்ன கிளாஸ்னு கேட்டேன், ஜியாலஜின்னா, அதுக்கப்புறம் நிறுத்தவே முடியல. அம்ஹர்ஸ்ட் காலேஜ்ல பெனெஸ்கி மியூசியம்னு ஒண்ணு இருக்கு, எட்வர்ட் ஹிட்ச்காக்னு அந்தக் காலேஜுக்கே பிரசிடென்ட்டா இருந்தவர் 1800கள்ல சேத்த டைனோசர் காலடித் தடங்கள் அங்க இருக்கு, உலகத்துலயே பெரிய சேகரிப்புகள்ல ஒண்ணு, மனுஷன் கடைசி வரைக்கும் அத ராட்சசப் பறவைங்க காலடின்னே நெனச்சிட்டு இருந்தாரு. ஒரு பலகைக் கல்லுல காலடிக்குப் பக்கத்துல மழைத்துளி விழுந்த குழி இருக்காம், அந்த மழை பேஞ்சு கிட்டத்தட்ட 20 கோடி வருஷமாச்சு சார்னு சொல்றப்போ அவ குரலே வேற மாதிரி ஆயிடுச்சு. ட்ரான்ஸ்ஃபர் ஆசை உனக்கா, வீட்டுக்கான்னு நான் கேக்க வேண்டிய அவசியமே வரல.

அந்த மியூசியத்துக்கு நீ எப்படிம்மா போனேன்னேன். "பஸ்லதான் சார், 38ஆம் நம்பர்"ன்னா. அந்த வீட்ல யாருமே பாக்காத வழி அந்த பஸ்தான்.

விஷயம் என்னன்னா, மவுண்ட் ஹோல்யோக், ஸ்மித், அம்ஹர்ஸ்ட், ஹாம்ப்ஷயர், கூட யூமாஸ்ங்கற பெரிய அரசு யுனிவர்சிட்டி, இந்த அஞ்சும் ஒரே பள்ளத்தாக்குல இருக்கறதால 1965லயே சேந்து ஃபைவ் காலேஜ்னு ஒரு கூட்டமைப்பா பதிவு பண்ணிக்கிட்டாங்க. ஒண்ணுல சேந்த பிள்ள மத்ததுல போய் கோர்ஸ் எடுக்கலாம். தனி ஃபீஸ் கிடையாது, அதே ஸ்காலர்ஷிப், அதே ஹாஸ்டல், அதே விசா பேப்பர். எடுத்த கோர்ஸும் மார்க்கும் இவ கணக்குலயே ஏறும், அம்ஹர்ஸ்ட்ல ஒரு கோர்ஸ்னா இங்க நாலு க்ரெடிட். லைப்ரரி புஸ்தகம் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு வரவழைச்சுக்கலாம். அஸ்ட்ரானமிக்கு பல காலேஜும் சேந்து ஒரே டிபார்ட்மென்ட்டே வச்சிருக்காங்க. பக்கத்து வீட்டு போர் தண்ணி இனிப்பா இருக்குன்னு யாராவது வீட்டையே காலி பண்ணிட்டுப் போவாங்களா, ஒரு பைப் இழுத்தா ஆச்சு!

அதுலயும் ஜியாலஜி படிக்கற பொண்ணுக்கு இத விட என்ன வேணும்? சவுத் ஹாட்லி, அதாவது இவ காலேஜ் இருக்கற அதே ஊர்ல, 1802ல ஒரு விவசாயிப் பையன் ஏர் ஓட்டறப்போதான் அந்தக் காலடித் தடக் கல்லு மொத மொதல்ல கெடைச்சுது. அம்ஹர்ஸ்டுக்கு பஸ் ஏறிக் கடக்கற ஹோல்யோக் மலைத்தொடரே பழைய எரிமலைக் கொழம்பு இறுகின பாறைதான், கிளாஸுக்குப் போற வழியே பாடம். யூமாஸ்ல ஜியோசயின்ஸ்ல பிஎச்டி வரைக்கும் இருக்கு, நாலாவது வருஷத்துல ப்ரொஃபசர் ஒத்துக்கிட்டா அங்க மாஸ்டர்ஸ் பசங்களோட உக்காரலாம், இந்த வசதி வில்லியம்ஸ்ல இல்ல, அது மலைக்கு நடுவுல தனியா இருக்கற காலேஜ்.

கஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டாம். பஸ்ல ஒரு தடவ போக அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், பனி கொட்டினா இன்னும் இழுக்கும், அதனால ரெண்டு கிளாஸுக்கு நடுவுல தாராளமா கேப் விட்டு டைம்டேபிள் போடணும். ராத்திரி, லீவு நாள்ல பஸ் கொறஞ்சிடும். ஒவ்வொரு காலேஜும் செமஸ்டர் ஆரம்பிக்கற தேதி கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். கூட்டம் அதிகமான கோர்ஸ்ல அவங்க பிள்ளைங்களுக்குத்தான் மொதல் உரிமை. அட்வைசர் சம்மதம் வேணும். எல்லாக் கோர்ஸையும் வெளிய எடுக்க முடியாது, செமஸ்டருக்கு ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு.

மத்த ஊர்ல பிள்ளைங்க படிக்கற பெத்தவங்களும் இதத் தேடிப் பாருங்க. பென்சில்வேனியால பிரின் மார் காலேஜ்ல சேந்தவங்க பக்கத்துல இருக்கற ஹேவர்ஃபோர்ட் காலேஜ்ல மேஜரே, அதாவது முக்கியப் பாடத்தையே, பண்ணலாம், ஸ்வார்த்மோர்லயும் கிளாஸ் எடுக்கலாம். கலிஃபோர்னியால கிளேர்மான்ட்ல அஞ்சு காலேஜ் நடந்து போற தூரத்துல இருக்கு, ஸ்கிரிப்ஸ் பொண்ணு போமோனா கிளாஸ்ல உக்காரலாம். பேர் பெத்த காலேஜோட வாத்தியார் வேணும்னா அதுக்கு அட்மிஷன் லெட்டர்தான் வேணும்னு இல்ல.

அப்பா லைனுக்குத் திரும்பி வந்து "கல்லு பொறுக்கறதுக்கா சார் அமெரிக்கா அனுப்பினேன்"ன்னாரு. சார், உங்க பம்ப்பு ஆயிரம் அடிக்குக் கீழ எறங்குது, அங்க தண்ணி இருக்கா, எத்தன வருஷம் வரும்னு சொல்றது யாரு? தேங்காய வச்சுப் பாக்கறவர்கிட்டயே இன்னும் எத்தன நாளைக்குக் கேப்பீங்க? நிலத்தடி நீரு, லித்தியம், நிலச்சரிவு எல்லாமே இந்தப் படிப்புலதான் வருது. அமெரிக்கால நல்ல ஜியாலஜி பிஎச்டிக்கு பெரும்பாலும் ஃபீஸ் கட்டாம மாசம் உதவித்தொகையும் குடுத்துதான் எடுப்பாங்க. வேலைன்னு பாத்தாலும் இப்ப இருக்கற விதிப்படி ஜியாலஜி முடிச்சா ஓபிடி, அதாவது படிப்பு முடிச்சுட்டு அங்கயே வேலை பாக்கற அனுமதி, ஒரு வருஷம், மேல ரெண்டு வருஷம் நீட்டிப்பு. எக்கனாமிக்ஸுக்கு அந்த நீட்டிப்பு கிடைக்குமாங்கறது டிபார்ட்மென்ட் அந்தப் பட்டத்த எந்தப் பாடக் கோட் நம்பர்ல பதிவு பண்ணியிருக்காங்கங்கறதப் பொறுத்தது, அதுவும் சித்தப்பாவுக்குத் தெரியாது. பொண்ணு எதப் பத்திப் பேசறப்போ மூச்சு விடாமப் பேசறாளோ அத மேஜரா எழுதட்டும், அதுல நீங்களும் நானும் தலையிட வேணாம்.

ட்ரான்ஸ்ஃபரே கூடாதுன்னு நான் சொல்லல. படிக்க நெனச்ச பாடமே அங்க இல்ல, காசு நெஜமாவே கட்ட முடியல, இல்ல பிள்ள மனசளவுல ஒடைஞ்சு போயிட்டிருக்கா, இதுல ஒண்ணு இருந்தா நானே ஃபாரம் எடுத்துக் குடுப்பேன். இந்தப் பொண்ணு விஷயத்துல மூணும் இல்ல. அதனால அவகிட்ட சொன்னது இதுதான்: நவம்பர்ல அடுத்த செமஸ்டருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் தெறக்கறதுக்குள்ள அட்வைசரப் பாத்து அம்ஹர்ஸ்ட்ல ஒரு ஜியாலஜி கோர்ஸுக்கு சம்மதம் வாங்கு, ஒரு செமஸ்டர் பஸ்ல போய் வா. ட்ரான்ஸ்ஃபர் அப்ளிகேஷன் பெரும்பாலான காலேஜ்ல மார்ச் வாக்குல, அதுக்குள்ள அந்தக் கிளாஸ்ல ஒரு மாசம் உக்காந்திருப்ப. அதுக்கப்புறமும் போகணும்னு உனக்கே தோணினா போடு, ஆனா அங்க எவ்வளவு குடுப்பாங்கன்னு எழுத்துல கைக்கு வர்ற வரைக்கும் இங்க இருக்கற சீட்ட விடாத, ஐ-20ங்கற விசாவுக்கான காலேஜ் பேப்பர மாத்தறதுக்கும் கை வைக்காத. சித்தப்பா மறுபடி கால் பண்ணினா என் நம்பரக் குடுங்கன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்.