அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சிரியாவில் ஐஎஸ் பயங்கரவாத இயக்கத்தின் மீது குண்டு வீசலாமா என்று 2015 டிசம்பரில் நடந்த விவாதத்தின் காணொளியைத் தேடிப் பார்த்தேன். அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சியின் ஹிலாரி பென் பேசியதைக் கேட்டு அசந்துபோனேன். கூடவே குழப்பமும் வந்தது. கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் பகலில் எழுந்து குண்டுவீச்சு வேண்டாம் என்கிறார். இரவு அதே கட்சியின் நிழல் வெளியுறவு அமைச்சரான பென், தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, வேண்டும் என்கிறார். ஆளுங்கட்சிக்காரர்கள் கைதட்டுகிறார்கள். கொறடா என்று ஒருவர் அங்கே இல்லையா? இப்படிப் பிளந்து கிடக்கும் கட்சியிடம் ஒரு நாட்டை எப்படி நம்பிக் கொடுப்பது? இன்னொன்று. ஹிலாரியின் அப்பா டோனி பென் பெரிய போர் எதிர்ப்பாளர் என்று படித்திருக்கிறேன். அப்பா பெயரை மகன் கெடுத்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. அவரை அன்றைக்கே ஏன் பதவியிலிருந்து தூக்கவில்லை?

ம., திண்டுக்கல்

*

அன்புள்ள ம.,

கொறடா இருந்தார். அன்றைக்கு அவருக்கு வேலை வைக்கவில்லை, அவ்வளவுதான். அவரவர் மனசுப்படி வாக்களிக்கலாம் என்று கார்பின் முன்கூட்டியே விட்டுவிட்டார்.

இந்தியாவில் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவியே போய்விடலாம். நாம் அந்தக் கண்ணோடு பார்க்கிறோம். பிரிட்டனில் அப்படிச் சட்டம் கிடையாது. மிஞ்சிப்போனால் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலக்கி வைப்பார்கள், தொகுதி அவருடையதுதான். கார்பினே தன் கட்சி ஆட்சியில் இருந்த காலத்தில் கொறடாவை நூற்றுக்கணக்கான முறை மீறியவர். அவர் போய் மற்றவர்களிடம் ‘கட்சிக்குக் கட்டுப்படு’ என்று சொன்னால் எடுபடுமா? தலைவராகி மூன்று மாதம்கூட முடியவில்லை. உத்தரவு போட்டிருந்தால் நிழல் அமைச்சரவையில் (அரசின் அமைச்சர்களுக்கு ஈடாக எதிர்க்கட்சி நிறுத்தும் குழு அது) பாதி ராஜினாமா செய்திருக்கும்.

அங்கே வாக்களிப்பதே வேறு மாதிரி. பொத்தானை அழுத்துவதில்லை, கை தூக்குவதில்லை. மணி அடிக்கும். சபையின் இரண்டு பக்கமும் இரண்டு நடைக்கூடங்கள், ஒன்று ஆதரவுக்கு, மற்றது எதிர்ப்புக்கு. எட்டு நிமிடத்தில் கதவை மூடிவிடுவார்கள். அதற்குள் எழுந்து நடந்து ஏதாவது ஒன்றுக்குள் போக வேண்டும். யார் தோளை உரசிக்கொண்டு யார் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரதமர் டேவிட் கேமரன் முந்தைய நாள் மாலை தன் கட்சிக்காரர்களிடம், கார்பினோடும் பயங்கரவாத அனுதாபிகள் கும்பலோடும் சேர்ந்து நடக்காதீர்கள் என்று சொன்னதாக வெளியே கசிந்தது. மறுநாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் எழுந்து, மன்னிப்புக் கேளுங்கள் என்றார்கள். அவர் கேட்கவில்லை. ஹிலாரி பென்னும் தன் பேச்சின் தொடக்கத்திலேயே கார்பினுக்காக அதைக் கேட்டார் என்பதைக் கவனித்தீர்களா? தலைவரை மறுத்துப் பேச எழுந்தவர் முதலில் தலைவரின் மானத்துக்காகத்தான் பேசினார்.

அன்று, டிசம்பர் 2 இரவு, 397-க்கு 223 என்று தீர்மானம் நிறைவேறியது. தொழிற்கட்சியில் 66 பேர் அரசோடு நடந்தார்கள், 153 பேர் எதிர்த்து நடந்தார்கள். நிழல் அமைச்சரவையில் மட்டும் 11 பேர் அரசின் பக்கம்.

அந்த 66 பேரும் எதிர்த்திருந்தாலும் 331-க்கு 289 என்று அரசு ஜெயித்திருக்கும். அப்படியென்றால் பிளவால் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும். ஆனால் தெளிவான பெரும்பான்மை உறுதியானால் ஒழிய வாக்கெடுப்புக்கே வர மாட்டேன் என்று கேமரன் சொல்லியிருந்தார். எதிர்க்கட்சி உடையும் என்று தெரிந்ததால்தான் துணிந்து வந்தார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் 2013. அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, சிரிய அரசு ரசாயன ஆயுதம் வீசியது என்பதற்காக அதன் மீது நடவடிக்கை எடுக்க அனுமதி கேட்டு, 285-க்கு 272 என்று தோற்றுப்போனார். அப்போது எட் மிலிபேண்ட் தலைமையில் தொழிற்கட்சி ஒன்றாக நின்றது. நீங்கள் விரும்புகிற அந்த ஒற்றுமை! ஆனால் அதன் லட்சணத்தைப் பாருங்கள். தொழிற்கட்சி கொண்டுவந்த திருத்தம் ராணுவ நடவடிக்கையே கூடாது என்று சொல்லவில்லை. இன்னின்ன நிபந்தனைகளோடு செய்யலாம் என்றுதான் சொன்னது. அதுவும் தோற்றது, அரசின் தீர்மானமும் தோற்றது. கூடவே கூடாது என்று ஒரு தீர்மானமும் நிறைவேறாமலேயே, கூடாது என்று முடிந்துவிட்டது. ஒற்றுமையாக வாக்களித்துவிட்டு, எதற்கு வாக்களித்தோம் என்று பிறகு தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்த கட்சி அது. 2015-இல் பிளந்து நின்ற கட்சியில், யார் எதற்கு நடந்தார்கள் என்பதாவது தெளிவாக இருந்தது.

இத்தனைக்கும் 2015-இல் விஷயம் ராணுவ ரீதியில் மிகச் சிறியது. ஐஎஸ் இயக்கத்தின் மீது பிரிட்டிஷ் விமானங்கள் ஈராக்கில் ஓராண்டாகக் குண்டு வீசிக்கொண்டுதான் இருந்தன. 2014 செப்டம்பரில் அதற்கு 524-க்கு 43 என்று சபை அனுமதி கொடுத்திருந்தது. இப்போது கேட்டது, எல்லைக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் வீசலாமா என்பதுதான். அதே எதிரி, சைப்ரஸில் அக்ரோதிரி தளத்திலிருந்து கிளம்பும் அதே விமானங்கள். வாக்கெடுப்பு முடிந்த சில மணி நேரத்தில் நான்கு டொர்னாடோ போர் விமானங்கள் போய் கிழக்கு சிரியாவின் ஓமர் எண்ணெய் வயலைத் தாக்கின. இதற்குப் பத்தரை மணி நேர விவாதம். பாரிஸில் ஐஎஸ் தாக்குதலில் 130 பேர் கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகாத நேரம் என்பது ஒரு காரணம். தொழிற்கட்சிக்கு மட்டும் இன்னொன்றும் இருந்தது. அவர்கள் சிரியாவைப் பற்றிப் பேசினாலும் மனசு 2003-இல், தங்கள் ஆட்சியே பிரிட்டனை இறக்கிவிட்ட ஈராக் போரில் கிடந்தது.

இப்போது அப்பா பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் உங்களோடு எனக்குப் பெரிய முரண்பாடு.

டோனி பென் இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்து விமானி ஆனவர். அவருடைய அண்ணன் மைக்கேல் 1944-இல் விமானப்படைப் பணியில் இறந்தார். அவர்களுடைய அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென் 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சர், போர் முடிந்ததும் விமானப்படைக்கான அமைச்சர். ஆக, போர் என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட குடும்பம் இல்லை.

1998 பிப்ரவரியில், ஈராக் மீது குண்டு வீசும் பேச்சு எழுந்தபோது, 72 வயது டோனி பென் சபையில் பேசினார். 1940-இல் ஜெர்மானிய விமானங்கள் லண்டனைத் தாக்கியபோது, இன்று மில்பேங்க் கோபுரம் நிற்கும் இடத்தில்தான் தன் வீடு இருந்தது என்றார். (அப்போது அந்தக் கோபுரத்தில் பிரதமர் டோனி பிளேர் தலைமையில் இருந்த தொழிற்கட்சியின் அலுவலகம். அதைக் குத்திக்காட்டி, அங்கே வேறு மாதிரி எண்ணங்கள் குடிவந்துவிட்டன என்று ஒரு வரியும் சொல்லிவிட்டுத்தான் மேலே போனார்.) இரவுதோறும் பதுங்கிடத்துக்கு ஓடியது, காலையில் வெளியே வந்தால் துறைமுகப் பகுதி எரிந்துகொண்டிருந்தது, ஒரே இரவில் வெஸ்ட்மின்ஸ்டரில் 500 பேர் செத்தது எல்லாவற்றையும் சொன்னார். நாங்கள் நடுங்கினோமே, அரேபியர்கள் நடுங்க மாட்டார்களா, அவர்களுடைய பெண்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தால் அழ மாட்டார்களா என்று கேட்டார். குரலை அவ்வளவாக உயர்த்தவில்லை. அதையும் தேடிப் பாருங்கள்.

பதினேழு ஆண்டு கழித்து மகன் பேசியபோது எதைத் தொட்டார்? 1930-களில் ஸ்பெயினில் ராணுவத் தளபதி ஃபிராங்கோவை எதிர்க்கப் போன சர்வதேசப் படையணிகளை, ஹிட்லர், முசோலினிக்கு எதிராக நின்ற தலைமுறையை. பாசிஸ்டுகளைத் தோற்கடித்தே ஆக வேண்டும் என்றார். அப்பா எடுத்த அதே காலத்தைத்தான் மகனும் எடுத்தார். அப்பா குண்டுக்குக் கீழே பதுங்கிக் கிடந்தவனின் ஞாபகத்தை எடுத்துக்கொண்டார். மகன் துப்பாக்கி தூக்கிப் போனவனின் ஞாபகத்தை. இரண்டும் அந்த வீட்டிலேயே இருந்தவை. பெயரைக் கெடுத்தார் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது இதனால்தான். அந்தக் கட்சிக்குள் இருக்கும் பிளவும் இதுவே. போரை விரும்புகிறவர்கள், அமைதியை விரும்புகிறவர்கள் என்று பிரித்தால் எதுவும் புரியாது. எந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு நடைக்கூடத்துக்குள் போகிறோம் என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள். ஸ்டெல்லா கிரீசி என்ற உறுப்பினர், பென் பேசியதைக் கேட்டே முடிவெடுத்ததாகச் சொல்லி அரசோடு நடந்தார். அவர் 1930-களின் பக்கம் சாய்ந்தார். 153 பேரில் பலருக்கு 2003-தான் கண்முன் நின்றிருக்கும்.

அந்த 1930-களிலேயே இதே கட்சி, அன்றும் எதிர்க்கட்சியாக இருந்தபோது, இதைவிட மோசமாக அடித்துக்கொண்டது. 1935 அக்டோபர் தொடக்கத்தில் பிரைட்டனில் மாநாடு. அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது இத்தாலியின் முசோலினி பாயப்போகிறார். அவர் மீது தடைகள் விதிக்க வேண்டும், அது போரில் முடிந்தாலும் சரி என்கிறது தீர்மானம். தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி 76 வயது கிறிஸ்தவ அமைதிவாதி. ஊரே கும்பிடுகிற மனிதர். என்னால் இதை ஏற்க முடியாது என்று உருக்கமாகப் பேசினார். அடுத்து எழுந்த தொழிற்சங்கத் தலைவர் எர்னஸ்ட் பெவின், உங்கள் மனசாட்சியைக் கூட்டம் கூட்டமாகத் தூக்கிக்கொண்டு போய், இதை என்ன செய்யட்டும் என்று எங்களைக் கேட்காதீர்கள் என்ற பொருளில் ஒரு போடு போட்டார். அரங்கத்தில் சிலர் கத்தினார்கள். அவர் அசரவில்லை. 21 லட்சத்துக்கும் மேல் ஒரு பக்கம், ஒரு லட்சத்துச் சொச்சம் மறுபக்கம் என்று தீர்மானம் நிறைவேறியது (தொழிற்சங்கங்கள் உறுப்பினர் எண்ணிக்கையை வைத்து மொத்தமாக வாக்களிக்கும் முறை அது). லான்ஸ்பரி சில நாளில் விலகினார். இடைக்கால ஏற்பாடு போல வந்த கிளெமென்ட் அட்லி இருபது ஆண்டு தலைவராக இருந்தார். பத்தே ஆண்டில் பிரதமர். பெவின் அவருக்கு வெளியுறவு அமைச்சர். அப்படிப் பிளந்த கட்சியிடம்தான் 1945-இல் நாட்டைக் கொடுத்தார்கள்.

சரி, நீங்கள் எந்தக் கூடத்துக்குள் போயிருப்பீர்கள் என்று கேட்டால், நான் எதிர்ப்புக் கூடத்துக்குள்தான் போயிருப்பேன். கார்பின் பேச்சால் இல்லை, அது சுமார்தான். கேமரன் சொன்ன 70,000 மிதவாதப் போராளிகளால். விமானம் மேலிருந்து குண்டு போடும், தரையில் ஊரைப் பிடிக்க 70,000 பேர் தயாராக இருக்கிறார்கள் என்றார். அவருடைய கட்சிக்காரரும் சபையின் பாதுகாப்புக் குழுத் தலைவருமான ஜூலியன் லூயிஸே அதைப் போலிப் படையணிகள் என்று நக்கலடித்துவிட்டு எதிர்த்து வாக்களித்தார். பென்னின் பேச்சு எனக்கும் சிலிர்த்தது. ஆனால் திரும்பக் கேட்டால், ஏன் சண்டையிட வேண்டும் என்பதற்குத்தான் அதில் பதில் இருக்கிறது. ஓமர் எண்ணெய் வயலுக்குப் பிறகு என்ன என்பதற்கு இல்லை.

ஏன் உடனே நீக்கவில்லை என்ற கேள்வி பாக்கி. மனசுப்படி வாக்களி என்று தானே சொல்லிவிட்டு எந்த முகத்தோடு நீக்குவது? 2016 ஜனவரியில் நிழல் அமைச்சரவையை மாற்றியபோதும் பென் தப்பித்தார். கடைசியில் ஜூன் 26 அன்று, ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பு முடிந்த மூன்றாம் நாள், விடிவதற்கு முன் தொலைபேசியில் நீக்கினார் கார்பின். அதற்குச் சிரியா காரணமில்லை, தலைமைப் பூசல். பத்து நாள் கழித்து, ஜூலை 6 அன்று, ஈராக் போரைப் பற்றிய சில்காட் அறிக்கை வெளிவந்தது. கட்சியின் சார்பில் மன்னிப்புக் கேட்டார் கார்பின். 2003-இல் அந்தப் போரை எதிர்த்து வாக்களித்தவர் அவர். ஆதரித்து வாக்களித்த ஹிலாரி பென், அறிக்கை வந்த அன்று பின்வரிசையில் ஓர் உறுப்பினர்.