பதில்: இரண்டு நாளாகப் பின்னால் வரும் பைக்

சகோதரி, இரவு பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது ஒரே பைக் இரண்டு நாளாக மெதுவாகப் பின்னால் வருகிறது, இது என் பிரமையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரமை என்று ஒதுக்காதீர்கள்; சங்கிலி பறிக்க நோட்டம் பார்ப்பவன் அப்படித்தான் வருவான்.

1981-இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் தெருவில் நடப்பவர்களின் காட்சிகளைச் சிறைக் கைதிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். தாக்க எளிது என்று அவர்கள் குறித்தவர்களின் நடையில் கையும் காலும் ஒன்றுக்கொன்று இசையாமல் இருந்தன. அது அப்படி நடந்தவர்களின் குற்றமல்ல, உங்கள் குற்றமும் அல்ல.

இன்று கைப்பேசியைக் கைப்பையில் போட்டுவிடுங்கள். வாகனங்கள் எதிரே வரும் ஓரமாக நடங்கள்; பின்னாலிருந்து ஒட்டி வருவது சிரமம். மறுபடி அவன் தென்பட்டால் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள், வீடு எது என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். திறந்திருக்கும் மருந்துக்கடைக்குள் நுழைந்து அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். வண்டி எண்ணில் கடைசி நான்கு இலக்கம் கிடைத்தாலும் போதும், சொல்லுங்கள். கழுத்துச் சங்கிலியில் அவன் கைவைத்தால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் பலர் கீழே விழுந்து அடிபடுகிறார்கள்.