ஆட்டுத் தொடையில் புழுப்புண்: பினாயில் ஊற்றலாமா?

கேள்வி: எங்கள் வெள்ளாடு வேலிக் கம்பியில் தொடையைக் கிழித்துக்கொண்டது. விரல் நீளக் காயம்தானே என்று மஞ்சள் அப்பி மேய்ச்சலுக்கு விட்டேன். நான்காம் நாள் ஒரே நாற்றம். உள்ளே புழு நெளிகிறது. பினாயில் ஊற்றலாமா?
- வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: வேண்டவே வேண்டாம். புழுவோடு நல்ல சதையும் வெந்துவிடும். ஆடு நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். மண்ணெண்ணெய், பயிருக்குத் தூவும் மருந்து எல்லாம் அதே கதைதான்.

காயம் சின்னதா பெரியதா என்று ஈ பார்ப்பதில்லை, ரத்த வாடை போதும். ஓரத்தில் கொத்தாக முட்டை வைத்துவிட்டுப் போகும். இந்த வெக்கைக்கு ஒரே நாளில் பொரித்துவிடும். புழு தலையைச் சதைக்குள் விட்டுக் குடையும். மூச்சுத் துளை வால் பக்கம், வெளியே பார்த்தபடி இருக்கும். அதை அடைத்தால் தானாக மேலே வரும். எண்ணெய் வைத்தியத்தின் சூட்சுமமே இதுதான்.

சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துக் கரைத்து, துணியில் நனைத்துக் காயத்துக்குள் சிறிது நேரம் வையுங்கள். சீத்தா இலை விழுதும் ஆகும். மேலே வரும் புழுக்களை இடுக்கியால் எடுத்து வெந்நீரில் போடுங்கள். தரையில் விட்டால் மண்ணுக்குள் போய்க் கூண்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக உங்கள் பட்டிக்கே வரும்.

கற்பூர எண்ணெய் முதல் நாள் மட்டும்தான். மறுநாளிலிருந்து இந்த எண்ணெய்: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து 500 மி.லி. நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவையுங்கள். ஒரு ஆட்டுக்குப் பாதி அளவே தாராளம். காலையும் மாலையும் காயத்தைத் துடைத்துவிட்டுத் தடவுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், வியர்த்துப் புழுங்கும். ஆறும்வரை நிழலில் கட்டித் தழை போடுங்கள்.

நீங்கள் மஞ்சள் அப்பியது தப்பில்லை. கழுவாமல் அப்பியதும், அடுத்த மூன்று நாள் திரும்பிப் பார்க்காததும்தான் தப்பு.

கம்பி கிழித்த காயம் என்பதால் கால்நடை மருந்தகத்தில் காட்டி, இசிவு நோய்த் (டெட்டனஸ்) தடுப்பூசி தேவையா என்று கேட்டுவிடுங்கள். கால்கள் விறைத்தாலோ, இரை எடுக்காவிட்டாலோ, குழி ஆழமாகத் தெரிந்தாலோ கைவைத்தியத்தை விட்டுவிட்டு கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்குப் போன் செய்யுங்கள். அந்த வேலிக் கம்பியின் முனையையும் இன்றைக்கே மடக்கிவிடுங்கள்.