ஆஞ்சியோகிராம்: கை வழியா, தொடை வழியா? சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

இதயத் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, கை அல்லது தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, சாயம் விட்டு எக்ஸ்ரே எடுப்பதுதான் ஆஞ்சியோகிராம். முதலில் கை. நாடி பிடித்துப் பார்ப்போமே, அந்தத் தமனிதான். தோலுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேல் ஓடுகிறது. குழாயை எடுத்ததும் மணிக்கட்டில் பட்டை கட்டிக் காற்றடைத்து அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும். உடனே எழுந்து உட்காரலாம். தொடை இடுக்குத் தமனி பெரியது, ஆனால் ஆழமானது. அங்கே கசிந்தால் வயிற்றின் பின்புறம் ரத்தம் சேர்வது வெளியே தெரியாமலே போகலாம். சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்கச் சொல்வது அதனால்தான். என்னைக் கேட்டால், முடிந்தவரை கைதான்.

ஆனால் கைத் தமனி மிக மெல்லியதாக இருந்தாலோ, பெரிய குழாய் தேவைப்பட்டாலோ தொடைக்குப் போவார்கள். டயாலிசிஸ் செய்பவர்கள், செய்யவேண்டி வரலாம் என்பவர்கள் அதை முன்பே சொல்லிவிடுங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவுக்காகக் கைத் தமனியைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

சரி, சாயம். ரத்தக்குழாயின் உட்புறம் எக்ஸ்ரேயில் தனியாகத் தெரியாது. அயோடின் கலந்த திரவத்தைச் செலுத்தினால், இதயத் தமனி மரக்கிளை போலச் சில நொடிகள் கறுத்துத் தெரியும், அடைப்புள்ள இடம் மட்டும் இடுங்கியிருக்கும். பிறகு அது சிறுநீரில் வெளியேறிவிடும். நல்ல சிறுநீரகத்துக்கு இது பெரிய சுமை இல்லை. ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால், அதிலும் சர்க்கரை நோய் சேர்ந்திருந்தால், கவனம் தேவை: சாயத்தைக் குறைப்பார்கள், சலைன் ஏற்றுவார்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் மறுபடி பார்ப்பார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, வலி மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள்.

அப்புறம், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாயமும் ஒத்துக்கொள்ளாது என்பது தவறு. முன்பு சாயத்துக்கே ஒவ்வாமை வந்திருந்தால்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.