பார்ட் டூ சீரியலுக்குத் தனியாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: 'எதிர்நீச்சல்' முதல் பாகத்தை நானும் மாமியாரும் ஒரு நாள் விடாமல் பார்த்தோமுங்க. இப்போது 'எதிர்நீச்சல் தொடர்கிறது' ஓடுகிறது. "ஓடிடியில் ஒரு வருசத்துக்குச் சந்தா கட்டிடலாம்மா, எப்ப வேணாலும் பாத்துக்கலாம்" என்கிறான் பையன். வீட்டில் கேபிளும் இருக்கிறது. கட்டலாமுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கேபிளில் சன் டிவி வருகிறதல்லவா? அப்படியென்றால் அந்த சீரியலுக்கு மாதாமாதம் ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சன் டிவியின் ஓடிடியான சன் நெக்ஸ்டில் கட்டினால் அதே சரக்குக்கு இரண்டாவது பில். விட்டுப்போன எபிசோடைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் அதில் கூடுதலாகக் கிடைப்பது. நோம்பி, கல்யாணம், சீர் என்று அடிக்கடி வெளியூர் போகிற வீட்டுக்கு அது உதவும். ராத்திரி தவறாமல் டிவி முன்னால் உட்காருகிற மாமியாரும் மருமகளும் இருக்கும் வீட்டுக்கு எதற்கு?

சரி, பையன் விடமாட்டேன் என்கிறானா, ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டச் சொல்லுங்கள். இரண்டாம் பாகத்தை நம்பி ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கொடுக்கக் கூடாது. 2020-இல் 'சித்தி 2' வந்தபோது பலரும் ராதிகாவுக்காகத்தான் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே அவர் விலகிக்கொண்டார். சீரியல் அவர் இல்லாமலே ஓடியது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முதல் பாகம் அண்ணன் தம்பி நாலு பேரின் கதை. 2023-இல் தொடங்கிய இரண்டாம் பாகத்தில் ஒரு அப்பா, மூன்று பையன்கள். நடிகர்கள் ஸ்டாலினும் ஹேமாவும் இரண்டிலும் இருக்கிறார்கள், கடையின் பெயரும் இருக்கிறது, குடும்பம் மட்டும் வேறு. அந்தக் கறார் அப்பாவை எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் பழைய குடும்பத்தைத் தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

இந்தக் கூட்டத்தில் 'எதிர்நீச்சல்' கொஞ்சம் நேர்மையானது. இயக்குவது அதே திருச்செல்வம் ('கோலங்கள்' எடுத்தவர், அதில் தொல்காப்பியனாக வந்தவரும் அவர்தான்), அதே மருமகள்கள், அதே சண்டை. ஜனனியாக நடிப்பவர் மட்டும் மாறியிருக்கிறார். ஆனால் வீட்டையே அடக்கி ஆளும் மூத்தவர் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். அவருக்குப் பிறகு வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் மாரிமுத்து வாயைத் திறந்தாலே வீடு முழுக்க அமைதியாகிவிடுமே, அது போனது போனதுதான். என்னைக் கேட்டால், இப்போது வாரத்துக்கு இரண்டு எபிசோட் பார்த்தாலே கதை பிடிபட்டுவிடுகிறது.

கேள்வி: ஒரு ரியாலிட்டி ஷோ முடியும் வரைக்கும் என்று ஒரு மாதச் சந்தா போட்டேன். ஷோ முடிந்ததும் ஆப்பை அழித்துவிட்டேன். ஆனாலும் மாதாமாதம் பணம் போகிறது. பனியன் கம்பெனிச் சம்பளத்தில் இதையெல்லாம் கவனிக்காமல் விட முடியுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. முதல் தடவை கட்டியபோதே, மாதாமாதம் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் ஆட்டோபேவுக்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் அந்த யுபிஐ ஆப்பிலேயே 'ஆட்டோபே' என்ற பகுதி இருக்கும். அங்கே போய் ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் பேங்க் ஆப்பிலோ இணையதளத்திலோ நிறுத்தலாம். அப்புறம் அந்த ஓடிடி கணக்குக்குள்ளும் ஒரு தடவை போய்ச் சந்தாவை ரத்து செய்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட தொகை 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே போகும். அதனால்தான் உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஆனால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பழைய எஸ்எம்எஸ்களைப் புரட்டிப் பாருங்கள், விளம்பரங்களுக்கு நடுவே எங்காவது கிடக்கும். ரத்து செய்ய வழி தெரியாதபடி சுற்றவிடுவதை 2023 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டு விதிகள் தடை செய்திருக்கின்றன. அப்படிச் சுற்றவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915-ஐக் கூப்பிடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். போன பணம் திரும்பி வருமா என்றால், கேட்டுப் பாருங்கள். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: அம்மாயி 'மெட்டி ஒலி'யை மறுபடியும் பார்க்க ஆசைப்படுகிறார். இருக்கிற 32 இன்ச் டிவியைக் கொடுத்துவிட்டு 55 இன்ச் 4கே வாங்கினால் படம் நன்றாக இருக்குமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: இருக்காது. 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை வந்தது. அன்றைய பெட்டி டிவிக்கு ஏற்ற, 4-க்கு 3 என்ற அளவில் எடுத்த படம். அதைப் பெரிய அகலத் திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். பட்டை வேண்டாம் என்று இழுத்து நிரப்பினால் அக்கா தங்கை ஐந்து பேரும் குண்டாகிவிடுவார்கள். திரை பெரிதாகப் பெரிதாக அந்தக் காலத்துப் படத்தின் மங்கலும் கூடவே பெரிதாகும். கடையில் ஓட்டிக் காட்டுவது பளபளக்கும் 4கே பூவும் கிளியும். அதைப் பார்த்து மயங்காமல், யூடியூபில் ஒரு பழைய சீரியலைப் போடச் சொல்லி, வீட்டில் உட்காரும் தூரத்தில் நின்று பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அம்மாயிக்காக மட்டும் என்றால் 32 இன்ச்சே போதும். அது ஸ்மார்ட் டிவியாக இல்லாவிட்டால் யூடியூப், ஓடிடி எல்லாம் டிவியில் ஓட வைக்கும் ஒரு சிறிய ஸ்டிக் வாங்கிச் சொருகுங்கள். கிரிக்கெட், சினிமா என்று உங்களுக்கே பெரிய டிவி ஆசை இருந்தால் அம்மாயி மேல் பழியைப் போடாமல் வாங்குங்கள். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பில்லில் 18 போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு செட்டிங்கில் போய், அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் பார்ப்பது இரண்டே சேனல். கேபிள்காரர் பெரிய பேக்கேஜ்தான் எடுக்க வேண்டும் என்கிறார். சரிதானா?
- வாசகி, தாராபுரம்

பதில்: சரியில்லைங்க. 2019 முதல் சேனலைத் தனித்தனியாக எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தொகுப்பில் சேர்க்கிற எந்தச் சேனலுக்கும் தனி விலை 19 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது என்பது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி. ஆனால் அதோடு அடிப்படைக் கட்டணமும் வரியும் சேரும். அந்தக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை 2024-இல் எடுத்துவிட்டார்கள். அதனால் தனியாக எடுத்தால் மொத்தம் எவ்வளவு, பேக்கேஜ் எவ்வளவு என்று இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சில இடங்களில் வித்தியாசம் ஒரு டீ, வடைக் காசுதான் வரும். அப்போது பேக்கேஜையே வைத்துக்கொள்ளலாம்.